புத்தகத்தை மூடிவைத்துத் தொடரைப் பார்ப்பது எப்படி?

ஒரு ஃபேன்டஸி நாவல் தொலைக்காட்சித் தொடராக வரும்போது, நாவலைப் படித்தவர்களில் பலர் தொடரைப் பார்ப்பதில்லை. நாவலில் உள்ளவையெல்லாம் வந்துவிட்டனவா என்று சரிபார்க்கிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி 2011 முதல் 2019 வரை எட்டு சீசன்களில் 73 எபிசோடுகளாக எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர், இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் பார்ப்பதற்கு நல்ல பயிற்சிக்களம். 2016-இல் ஆறாவது சீசன் வந்தபோது ஆறாம் நாவல் வெளிவந்திருக்கவில்லை என்பதால், பிற்பகுதியை நாவலைக் காட்டித் திட்டவும் வழியில்லை.

முதல் சீசனைப் பார்க்கும்போதே, தொடர் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மன்னர் ராபர்ட்டின் பரிவாரம் ஸ்டார்க் குடும்பத்தின் வடக்குக் கோட்டையான விண்டர்ஃபெல்லிலிருந்து தலைநகர் வந்துசேர எபிசோடுகள் கடக்கின்றன. வழியில் பிள்ளைகளுக்குள் மூளும் ஒரு சண்டையே இரு குடும்பங்களின் பகையைக் கூர்மையாக்குகிறது. இந்த உலகில் தூரம் ஒரு பொருட்டு என்று தொடரே சொல்லிவிட்டது. ஏழாவது சீசனின் ஆறாவது எபிசோடிலோ, உறைந்த ஏரியில் சிக்கியவர்களுக்காக ஒருவன் கோட்டைவரை ஓடி, அங்கிருந்து செய்தி சுமந்த காகம் டிராகன்ஸ்டோன் தீவுவரை பறந்து, அங்கிருக்கும் டெனேரிஸ் என்ற அரசி தன் டிராகன்களோடு வந்து சேர்வதெல்லாம் ஓர் இரவுக்குள் முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. இது குறை என்று சொல்ல நாவலின் ஒரு வரியும் தேவையில்லை.

அடுத்து, மனத்தில் எழும் ஒவ்வொரு புகாரையும், நாவலையே தொடாத ஒருவரால் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாவலில் மட்டும் உள்ள பாத்திரமான லேடி ஸ்டோன்ஹார்ட் தொடரில் வரவில்லையே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அது வாசகரின் வருத்தம், தொடரின் ஓட்டை அன்று.

பாராட்டையும் இதே கேள்வியால் சோதிக்க வேண்டும். இங்குதான் நாவலை நேசிப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நாவலில் ஸ்டார்க் குடும்பத்தில் வளர்ந்த ஜான் தன் ஓநாய் கோஸ்ட்டின் உடலுக்குள் கனவில் புகுகிறான். தொடரிலோ ஸ்டார்க் பிள்ளைகளில் பிரானுக்கு மட்டுமே அந்த ஆற்றல் உண்டு. திரையில் கோஸ்ட் தோன்றும்போதெல்லாம் வாசகர் உணரும் நெருக்கத்தில் பெரும்பங்கு அவரே கொண்டுவந்தது. எட்டாவது சீசனில் ஜான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விட்டுச் செல்வதற்கு எழுந்த கோபம் பெரிது. என்னைக் கேட்டால், பிழை அந்தக் காட்சியில் இல்லை, அந்த உறவை வளர்க்காமல் விட்ட முந்தைய சீசன்களில் இருக்கிறது.

நாவலில் இல்லாத காட்சிகளை ஒதுக்காமல், அவற்றில்தான் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். முதல் நாவலின் அத்தியாயங்கள் குறிப்பிட்ட சிலரின் பார்வையில் மட்டுமே செல்கின்றன. அவர்களில் ராபர்ட்டும் இல்லை, ராணி செர்சியும் இல்லை. எனவே இருவரும் தனித்திருக்கும் ஓர் உரையாடலை அந்த வடிவத்தால் நேரடியாகக் காட்ட முடியாது. ஐந்தாவது எபிசோடில் தொடர் அதைக் காட்டுகிறது: மதுக்கோப்பையோடு எதிரெதிரே அமர்ந்து அரசியல் பேசத் தொடங்கும் கணவனும் மனைவியும் மெல்லத் தங்கள் மணவாழ்வுக்கு வருகிறார்கள், எந்தப் பெண்ணுக்காகப் போர் மூண்டதோ அவள் முகமே தனக்கு நினைவில்லை என்கிறான் ராபர்ட். போர்க்களமோ டிராகனோ இல்லாத இந்தச் சில நிமிடங்களில், தொடர் தன் சொந்தக் காலில் நிற்கிறது.

இறுதியாக, சர்ச்சைக்குரிய முடிவை இதே முறையில் அணுகலாம். சரணடைந்த தலைநகரை டெனேரிஸ் எரித்தது திடீர்த் திருப்பமா? மீரீன் நகரில் அடிமைகளின் எஜமானர்களைச் சிலுவையில் அறைந்ததும், மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் எரித்ததும் தொடரிலேயே உள்ளன. ஆகவே விதை இருந்தது. ஆனால் அந்தக் கொடுமைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் காட்டிய தொடர், சரணடைந்ததை அறிவிக்கும் மணி ஒலித்த பின்பும் அவள் தாக்கியதற்கான காரணத்தை ஆறே எபிசோடுகள் கொண்ட கடைசி சீசனில் அவசரமாக அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது.