புதிய டொமைன் நீட்சியில் பணம் போடுவதற்கு முன்

திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதோடு 2009 முதல் டொமைன் பெயர்களை, அதாவது இணைய முகவரிகளை, வாங்கி விற்றும் வருகிறேன். அந்தப் பெயரின் கடைசியில் டாட் காம் போல வருவதுதான் நீட்சி. 2014-இல் புதிய நீட்சிகள் வரிசையாகக் கடை விரித்தபோது, ஒரே இரவில் ஒரே நீட்சியில் 14 பெயர்களைப் பதிவு செய்தேன். பெயருக்கு 99 ரூபாய்தான். மறு ஆண்டு வந்த புதுப்பிப்புச் சீட்டில் பெயருக்கு 1,900 ரூபாய் போட்டிருந்தது. பதினான்குக்கும் சேர்த்து 26,600 ரூபாய். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. பதிமூன்றைக் கைவிட்டேன். வைத்துக்கொண்ட ஒன்றையும் இன்றுவரை ஒருவரும் விலை கேட்கவில்லை.

அந்த 1,900 ரூபாய் விலைப்பட்டியலில் முதல் நாளே இருந்தது. 99-ஐப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். 2012-இல், உலக அளவில் நீட்சிகளுக்கு அனுமதி தரும் ஐகான் அமைப்பு புதிய நீட்சிகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அடுத்த சுற்றுக்கு 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று நாள் குறித்தார்கள். விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். அந்தத் தொகையைக் கட்டப் போகிறவர்கள் நாம் இல்லை. ஆனால் கட்டியவர்கள் போட்ட முதலை எடுக்க நம்மிடம்தான் வருவார்கள், முதல் ஆண்டுச் சலுகை விலையோடு.

முதலில் ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். டொமைனுக்குப் பட்டா கிடையாது, குத்தகைதான். அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு முன்பணம் கட்டலாம், பிறகு மறுபடி கட்ட வேண்டும். ஆகவே நிலத்துக்காரர் யார் என்று பாருங்கள். ஐகானின் கீழ் இயங்கும் ஐயானா (IANA) தளத்தில், எல்லா நீட்சிகளும் அடங்கிய மூல வலயப் பட்டியல் இருக்கிறது. அதில் எந்த நீட்சியை யார் நடத்துகிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம்.

இரண்டே எழுத்துள்ள ஆங்கில நீட்சி என்றால் அது ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரிய குறியீடு. டாட் ஏஐ கரீபியன் கடலில் உள்ள அங்குவிலாவினுடையது. டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியினுடையது. இவற்றின் விதிகளையும் விலையையும் அந்தந்த நிர்வாகமே முடிவு செய்யும். குறியீடு மறைந்தால் நீட்சியும் மறையக்கூடும். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010-இல் நீக்கப்பட்டது. நெதர்லாந்து அண்டிலிசின் டாட் ஏஎன் 2015-இல் போனது. டாட் ஐஓவுக்குரிய அந்தப் பகுதியான சாகோஸ் தீவுகளை மொரிஷியசிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது முதல், டாட் ஐஓ பெயர்களில் புதிதாகப் பணம் போடுவதை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மூன்றெழுத்தும் அதற்கு மேலும் உள்ள பொது நீட்சிகள் ஐகான் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை. புதிய நீட்சிகளில் புதுப்பிப்பு விலையை உயர்த்துவதென்றால் பதிவகம் (நீட்சியை நடத்தும் நிறுவனம்) தன் பதிவாளர்களுக்கு (நமக்குப் பெயரை விற்கும் நிறுவனங்களுக்கு) 180 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதற்குள் பழைய விலையிலேயே பத்து ஆண்டு வரை நீட்டிக்க வழி உண்டு. ஆனால் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் 2017-இல் தன் நீட்சிகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. டாட் வெட் என்ற திருமண நீட்சியின் கதை இன்னும் கடுமையானது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கட்டணம், மூன்றாம் ஆண்டு முதல் 30,000 டாலர். கல்யாணம் முடிந்த ஜோடி பெயரை விட்டுவிட்டால் அடுத்த ஜோடிக்கு அதையே விற்கலாம் என்பது திட்டம். தொழில் நிற்கவில்லை. 2017 டிசம்பரில், பதிவகம் தடுமாறும்போது நீட்சியைத் தற்காலிகமாக நடத்தும் ஐகானின் அவசர நிர்வாகியிடம் அந்த நீட்சி போய்ச் சேர்ந்தது. விலைப்பட்டியலை வரிவரியாகப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். புதுப்பிப்பு, இடமாற்றம், காலாவதியானதை மீட்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை இருக்கும். ‘பிரீமியம்’ என்று குறித்த பெயர் என்றால் அந்தக் கூடுதல் விலை ஒரு முறை மட்டுமா, ஆண்டுதோறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, அந்த நீட்சியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது. பதிவான பெயர்களின் எண்ணிக்கையை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். 2014-இல் டாட் எக்ஸ்ஒய்இசட் திறந்தபோது, ஒரு பெரிய பதிவாளர் தன் வாடிக்கையாளர்கள் கேட்காமலே அவர்கள் கணக்கில் இலவசமாகப் பெயர்களைப் போட்டுவிட்டது, எண்ணிக்கை ஏறியது. நான் செய்வது வேறு. கூகுள் தேடலில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த நீட்சியை அடிப்பேன். வரும் தளங்களில் முதல் ஐம்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். உண்மையான கடை, மருத்துவமனை, நிறுவனம் எத்தனை? ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்ற பலகை எத்தனை? விற்பனைப் பலகையே அதிகம் என்றால், அந்தச் சந்தையில் இருப்பவர்கள் எல்லாரும் விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர் யாரும் இல்லை என்று பொருள்.

குடியிருப்பவர்கள் வர நிலையான காரணமும் வேண்டும். டாட் மொபி 2006-இல் வந்தபோது கைபேசிக்குத் தனித் தளம் வேண்டும் என்ற காரணம் இருந்தது. ‘ஃபிளவர்ஸ்’ என்ற பெயர் அதில் 2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சாதாரணத் தளத்தையே திறக்கும் கைபேசிகள் வந்ததும் காரணம் போய்விட்டது; அதே பெயர் பிறகு 6,500 டாலருக்குக் கைமாறியது. டாட் ஏஐக்கு இன்று உள்ள காரணம் வலுவானது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களே தங்களுக்காக வாங்குகின்றன. 2023-இல் அங்குவிலா அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பெயர்களால் வந்தது. வாங்குபவர் பயன்படுத்துபவராக இருந்தால்தான் விலை நிற்கும்.

மூன்றாவதாக ஒரு சோதனை. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு நூல் வியாபாரி. அவருக்காக அழகான புதிய நீட்சி ஒன்றில் தளம் அமைத்தேன். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, கரூரிலிருந்து பேசிய ஒருவருக்குத் தன் மின்னஞ்சல் முகவரியைச் சொன்னார். சொல்லி முடித்ததும் மறுமுனையில், “கடைசியில் டாட் காம் தானே, அண்ணா?” என்றார்கள். “டாட் காம் இல்லைங்க” என்று மறுபடி எழுத்துக் கூட்டினார். மூன்றாம் முறை சொல்லிவிட்டு போனை வைத்தவர் என்னைப் பார்த்து, “தம்பி, பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் நான்தானே இதைச் சொல்ல வேண்டும்?” என்றார். அன்றிலிருந்து பணம் போடும் முன் எந்தப் பெயரையும் தொலைபேசியில் மூன்று பேரிடம் சொல்லி, கேட்டதை எழுதி அனுப்பச் சொல்கிறேன். இருவராவது சரியாக எழுதினால்தான் வாங்குகிறேன்.

தமிழ் நீட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எனக்கு நெருக்கமான விஷயம். 2007-இல் ஐகான் சோதனைக்காக ‘உதாரணம்.பரிட்சை’ என்ற முகவரியை வெளியிட்டது. முகவரிப் பட்டையில் முழுத் தமிழைப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ மூன்றும் வந்தன. ‘.இந்தியா’வில் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அதை முதலீட்டுக் கணக்கில் எழுதவில்லை. அந்த முகவரியில் மின்னஞ்சல் வைத்து ஒரு படிவத்தை நிரப்பினால், ‘சரியான முகவரியைத் தருக’ என்று சிவப்பு எழுத்தில் திருப்பி விடுகிறது. சில இடங்களில் தமிழ் எழுத்துகள் மறைந்து ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவை தெரிகிறது. அந்தக் கோவையைப் பார்க்கும் வாடிக்கையாளர் ஏதோ மோசடி என்று பயப்படுகிறார். இந்தத் தடைகள் நீங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு மட்டும் இப்போது இதில் இறங்காதீர்கள். தமிழில் தளம் நடத்தப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

இனி கணக்கு. 20 பெயர்கள், ஆண்டுக்கு 2,500 ரூபாய் புதுப்பிப்பு என்றால் 50,000 ரூபாய். என் கையில் நூறு பெயர் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு விற்கும். அதுவும் நல்ல ஆண்டில். அந்தக் கணக்கில் இருபதில் ஒன்று விற்க இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் 1,25,000 ரூபாய் போயிருக்கும். விற்பனைத் தளம் 20 சதவீதம் தரகு எடுத்தால், அந்த ஒரு பெயர் 1,56,250 ரூபாய்க்கு விற்றால்தான் போட்டது திரும்பும். அந்த நீட்சியில் அப்படி விலை போன பெயர்கள் உண்டா என்று, நடந்த டொமைன் விற்பனைகளைத் தொகுத்து வைக்கும் நேம்பயோ தளத்தில் தேடுங்கள். பதிவகமே முதல் கையாக விற்ற விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு விற்றதுதான் நமக்குச் சான்று. அப்படிப் பத்து விற்பனைகூடக் கிடைக்காத நீட்சியை நான் தொடுவதில்லை.

வணிகச் சின்னம் உள்ள பெயரை எந்த நீட்சியிலும் வாங்க வேண்டாம். பெயர் ஒத்திருக்கிறது, உங்களுக்கு உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறீர்கள் என்ற மூன்றையும் உரியவர் நிறுவினால் நடுவர் தீர்ப்பில் பெயர் அவருக்குப் போய்விடும். டாட் இன் பெயர்களுக்கும் இதுபோன்ற தனி நடுவர் முறை இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து மனம் ஒப்பினால், மூன்று பெயர்களுக்கு மேல் வேண்டாம். வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, காலாவதிக்கு அறுபது நாள் முன்னால் நாட்காட்டியில் ஒரு குறி போடுங்கள். பக்கத்தில் புதுப்பிப்பு விலையையும் எழுதி வையுங்கள். அந்த நாள் வரும்போது ஒருவராவது விலை கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் இன்னோர் ஆண்டு கட்டுங்கள். இல்லையென்றால் பெயரை விட்டுவிடுங்கள்.