நடுகல்லுக்குக் களிமண் பற்று: செய்யக் கூடாதவை

அண்மையில் அரூர்ப் பக்கம் ஒரு வயல் வரப்பில், உப்புப் பூத்திருந்த நடுகல்லுக்கு அந்த உப்பை உறிஞ்சி எடுக்கும் பற்றுப் போடக் களிமண் குழைத்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களைக் கண்டேன். வாளிக்குள் கையை விட்டுப் பார்த்ததுமே, நான் முன்பு செய்த பிழையை அவர்களும் செய்யவிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது என்பது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விடுகிறேன்.

எல்லாக் களிமண்ணும் ஒன்றென எண்ணுவது

வாளியில் இருந்தது மின் இணைப்பின் எர்த் குழிக்காக மூட்டையில் விற்கும் பென்டோனைட் களிமண். நானும் கிருஷ்ணகிரியில் ஓர் எலக்ட்ரிகல் கடையில் அதைத்தான், மலிவாகக் கிடைக்கிறதே என்று, வாங்கினேன். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் பலமடங்கு உப்பும். உலர்ந்தால் அதே அளவுக்குச் சுருங்கும். கல்லின் மேற்பரப்பு ஏற்கெனவே பொருக்குவிட்டிருந்தால், சுருங்கும் மண் அந்தப் பொருக்கைக் கவ்வியபடியே கழன்று வரும். நான் பற்றை உரித்தபோது அதன் பின்புறத்தில் ஒரு வட்டெழுத்து ஒட்டியிருந்தது. துண்டைத் திரும்பப் பதித்தோம் என்றாலும் ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. அந்தச் சொல்லைப் படிக்க இனி, முன்பு தாளில் மையால் ஒற்றியெடுத்த பழைய மைப்படியைத்தான் பார்க்க வேண்டும். இதை இன்றும் எரிச்சலின்றிச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் மூட்டையின் மேலேயே பெயர் அச்சிட்டிருந்தது.

உப்பை உறிஞ்ச ஏற்றது செபியோலைட் என்னும் களிமண். மெக்னீசியம் சிலிக்கேட்டாலான அதன் நுண்ணிய நார்களுக்குள் நீளவாக்கில் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அகலக் கால்வாய்கள் ஓடுவதால், அது நீரை நிறைய ஏற்றும், ஆனால் பென்டோனைட்டைப் போல் உப்பாது. காகிதக்கூழும் கழுவிய மணலும் கலந்தால் சுருக்கம் இன்னும் குறையும். கல்லுக்கும் பற்றுக்கும் நடுவே ஜப்பானியத் தாள் ஒன்றை விரிப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அன்று நான் விரிக்கவில்லை.

போர்வெல் நீரில் குழைப்பது

நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட மாவட்டங்கள் இவை. உப்பை எடுக்கப் போய் உப்பை ஊட்டாதீர்கள்; காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

ஹாலோய்சைட்டை நிரப்பியதாக நம்புவது

ஹாலோய்சைட் என்பது நுண்குழாய் வடிவக் களிமண். பாசியைத் தடுக்கும் மருந்தை மெல்லக் கசியவிடப் பயன்படும் இந்தக் குழாய்களின் உள்விட்டம் பதினைந்து நானோமீட்டர் அளவே. கரைசலில் கலக்கினால் மட்டும் மருந்து உள்ளே போய்விடாது. வெற்றிடத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றி, இரண்டு மூன்று முறை மருந்தை ஏற்ற வேண்டும். பிறகு குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டியதைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் அந்த மருந்து முதல் ஈரத்திலேயே கரைந்து போகும்.

தூசி

முகக்கவசம் அணியுங்கள்.

ஊராரைக் கேளாமல் தொடுவது

பல ஊர்களில் அந்தக் கல் வேடியப்பன் என்று வணங்கப்படும் தெய்வம். மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுப்பதற்கு முன் பூசை செய்பவரிடம் பேசுங்கள்.