ஆன்லைனில் புரோகிராமரை அமர்த்தும் முன்: செயலி உங்கள் கையை விட்டுப் போகாமலிருக்க

செயலிக்கான யோசனையோடு ஃப்ரீலான்ஸ் புரோகிராமர் தேடுபவர்களுக்கு முதலில் வருகிற பயம், "விஷயத்தைச் சொன்னால் அவரே செய்து வெளியிட்டுவிட்டால்?" என்பது. பயம் நியாயம்தான். ஆனால் அதைவிட எளிதாகக் கைநழுவிப் போவது, காசு கொடுத்து எழுதி வாங்கிய நிரலின் உரிமையும் செயலி ஓடுகிற கணக்குகளும். காவலை முதலில் அங்கே போடுங்கள்.

வெறும் யோசனைக்கு இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. அது எழுத்தில், நிரலில் வடிவம் பெற்ற பிறகுதான் உரிமை பிறக்கிறது. பேட்டன்ட் பக்கம் போனாலும், வெறும் கணினி நிரலை 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு விலக்கிவிடுகிறது. எனவே யோசனையைக் காக்க முதல் வழி, தேவைக்கு மேல் சொல்லாமலிருப்பதுதான்.

தண்ணீர் கேன் டெலிவரிக்கு ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீலான்ஸர்களைத் தேடும் தளத்தில் போடும் விளம்பரத்தில் "ஃபிளட்டரில் (செயலி எழுதும் கூகுளின் கருவி) ஆண்ட்ராய்டு செயலி, ஓடிபி உள்நுழைவு, ஆர்டர் பட்டியல், யூபிஐ கட்டணம், சுமார் 12 திரைகள்" என்றால் போதும். விலை சொல்ல அவருக்கு வேறெதுவும் வேண்டாம். எந்தக் குடியிருப்புக்கு எந்த வரிசையில் வண்டி போகும், காலி கேன் டெபாசிட்டை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்பதுதான் உங்கள் சரக்கு. அந்தக் கணக்கைச் சர்வரில் தனி ஏபிஐயாக (செயலி கேட்டால் விடை மட்டும் தரும் இணைப்பாக) வைத்து வேறொருவரிடம் எழுதி வாங்குங்கள். திரைகளைச் செய்பவருக்கு உள்ளே என்ன அனுப்ப வேண்டும், வெளியே என்ன வரும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ரகசிய ஒப்பந்தத்தை, அதாவது என்டிஏவை, விவரம் சொல்வதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். எதெல்லாம் ரகசியம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். "எல்லாத் தகவலும்" என்று எழுதினால் பின்னால் எதையும் நிரூபிப்பது கடினம். "ஐந்தாண்டுகளுக்கு இதேபோன்ற செயலி செய்யக் கூடாது" என்ற வரியை நம்பி இருக்காதீர்கள். வேலை முடிந்த பிறகும் ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ரகசியத்தைப் பயன்படுத்தவோ வெளியிடவோ கூடாது என்று எழுதுங்கள், அதுதான் நிற்கும்.

இனி முக்கியமான இடம். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதிய நிரல் முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியதோ, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும் அவருக்கே சொந்தம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உரிமையை மாற்ற அவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அதிலும் 19-ஆம் பிரிவில் மூன்று குழிகள் உண்டு: காலம் எழுதாவிட்டால் உரிமை ஐந்தாண்டுக்கு மட்டுமே, இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே, ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதி (இதுதான் 19(4)). இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு மாதிரி ஒப்பந்தங்களில் இவற்றுக்கு வரி இல்லாமல் இருக்கலாம். இப்படி எழுதலாம்:

"இவ்வொப்பந்தத்தின் கீழ் நான் எழுதும் சோர்ஸ் கோட், டேட்டாபேஸ் அமைப்பு, திரை வடிவமைப்பு, ஆவணங்கள் அனைத்தின் பதிப்புரிமையையும், அவை உருவாகும் கணம் முதல், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் முழுக் காலத்துக்கும், ……… ரூபாய்க்கு இன்னாருக்கு எழுதிக் கொடுக்கிறேன். பிரிவு 19(4) இதற்குப் பொருந்தாது."

நீங்கள் பேசியவரும் நிரல் எழுதுபவரும் ஒரே ஆள்தானா என்று கேளுங்கள். அவர் இன்னொருவரிடம் வேலையைக் கைமாற்றினால், அந்த இன்னொருவரும் எழுதிக் கொடுத்தால்தான் உரிமைச் சங்கிலி அறாமல் வரும். அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தின் வழக்கமான விதிகளில் பணம் செலுத்தியதும் உரிமை வாடிக்கையாளருக்கு மாறும். கமிஷனை மிச்சம் பிடிக்க வெளியே பேசி முடித்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே நிலையான தொகை வேலையில், ஒப்படைத்ததைப் பார்த்து 14 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் தவணைப் பணம் தானாகவே விடுவிக்கப்படும் என்பதையும் மறக்காதீர்கள்.

கணக்குகள் எல்லாம் உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். டொமைன் (இணைய முகவரி), கிளவுட் (வாடகைச் சர்வர்), ஃபயர்பேஸ் (செயலிகளுக்கான கூகுளின் பின்னணிச் சேவை), கட்டண நுழைவாயில் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), எதற்கும் விதிவிலக்கு வேண்டாம். நிரலைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் உங்கள் பெயரில் ஆர்கனைசேஷன் (குழுக் கணக்கு) தொடங்கி, பிரைவேட் ரெப்போவில் (அனுமதித்தவர் மட்டும் பார்க்கும் நிரல் கிடங்கில்) அவருக்கு எழுதும் அனுமதி மட்டும் கொடுங்கள். "முடிந்ததும் ஜிப் அனுப்புகிறேன்" என்பதை ஏற்காதீர்கள்; அன்றன்றைக்கு எழுதியது அன்றன்றைக்கு ரெப்போவில் ஏற வேண்டும். பாதியில் அவர் காணாமல் போனாலும் அதுவரை செய்தது உங்களிடம் இருக்கும்.

ஆண்ட்ராய்டு செயலியை வெளியிட உதவும் கூகுளின் பிளே கன்சோலுக்கு ஒரு முறை 25 டாலர். அந்தச் செலவுக்கு யோசித்து அவருடைய கணக்கில் வெளியிட விட்டால், செயலியின் பேக்கேஜ் பெயரும் (பிளே ஸ்டோரில் அதன் தனி அடையாளம்) அங்கேயே பூட்டிக்கொள்ளும். அவர் மாற்றித் தர மறுத்தால் புதுப் பெயரில் புதிதாக வெளியிட வேண்டும்; பழைய மதிப்புரைகளும் பயனர்களும் போய்விடுவார்கள்.

கட்டண நுழைவாயிலின் டெஸ்ட் கீ (சோதனைக்கான ரகசியக் குறியீடு) மட்டும் கொடுங்கள். உண்மையான பணம் நகர்த்தும் லைவ் கீ உங்களிடமே இருக்கட்டும். தவறிப்போய் ரெப்போவில் கீ ஏறிவிட்டால் கோப்பை அழிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். உடனே அந்தக் கீயை ரத்து செய்து புதிது எடுக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், எண்களைச் சோதனைக்குக் கொடுக்கவே வேண்டாம். போலித் தரவு போதும்.

கடைசித் தவணைக்கு முன் வேறொரு கணினியில் ரெப்போவை இறக்கி, அவர் எழுதிய ரீட்மீயை (வழிகாட்டிக் குறிப்பை) மட்டும் பார்த்து செயலியை பில்டு செய்ய (நிரலிலிருந்து செயலியை உருவாக்க) வேறொருவரிடம் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் ஏதோ ஒன்று இன்னும் அவர் கணினியில்தான் இருக்கிறது. சேர்த்திருக்கும் லைப்ரரிகளின் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளின்) உரிமங்களையும் பாருங்கள்: எம்ஐடி, அப்பாச்சி என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஜிபிஎல், ஏஜிபிஎல் வகை இருந்தால் உங்கள் நிரலையும் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் வரலாம்.

நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய நினைத்தால் படிவம் 14, கட்டணம் 500 ரூபாய், சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் வேண்டும். எழுதியவர் வேறு, விண்ணப்பிப்பவர் வேறு என்பதால் அவருடைய தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். கடைசித் தவணையை விடுவிக்கும் முன்பே அதில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு அவருடைய அனுமதிகளை நீக்கி, டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றி, சர்வருக்குள் நுழைய அவர் சேர்த்த எஸ்எஸ்எச் கீயையும் அழித்துவிடுங்கள்.