பழைய எச்எம்டி வாட்ச்: பார்த்து வாங்கி, சாவி கொடுத்து, ஓட வைப்பது எப்படி

முதல் மெக்கானிக்கல் வாட்ச் வாங்க வேண்டும், ஆனால் ஸ்விஸ் விலை கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல நிலையில் இருக்கும் பழைய எச்எம்டி ஜனதா ஒன்றைத் தேடுங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கிய எச்எம்டி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மாடல் அது. மூன்று முள், வெறும் டயல், தேதி கிடையாது, பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் பாகங்கள் குறைவு, கெட்டுப்போக வாய்ப்புள்ளதும் குறைவு, எது கெட்டாலும் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சரிசெய்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்வோம், துல்லியத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. பேட்டரி வாட்சுக்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் கல்லோடு இது போட்டி போட முடியாது. 1980களின் இறுதியில் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வாட்சுகள் வர ஆரம்பித்ததும் சாவி கொடுக்கும் வாட்சை மக்கள் கழற்றி வைத்துவிட்டார்கள், 2016இல் மத்திய அரசு எச்எம்டி வாட்சஸை மூடவே முடிவெடுத்தது. ஆனால் பீரோவில் கிடந்த அந்த வாட்சுகளில் பாதிக்கு மேல், எண்ணெய் மாற்றினால் இன்றைக்கும் ஓடும் என்பது என் கணிப்பு.

படி 1: பார்த்து வாங்குவது

பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். இணையத்தில் விற்கும் 'பழைய' ஜனதாக்களில் ஏகப்பட்டவை டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாக்கிப் பூட்டியவை. ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் நிறம், எழுத்தின் ஓரம் கசிந்து தடித்திருப்பது, நிமிடக் கோடுகள் வட்டத்தோடு சரியாகப் பொருந்தாமல் இருப்பது, இதெல்லாம் இருந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் பழுத்துப்போன வெள்ளை டயல் எவ்வளவோ மேல்.

அப்புறம் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தூரத்தில் இருப்பவர் என்றால் உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் அங்கேயே நன்றி சொல்லிவிடலாம். சாவி கொடுக்கப் பக்கவாட்டில் இருக்கும் திருகு நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நின்றுபோன வாட்சுக்கு நாலைந்து திருப்பு சாவி கொடுத்தாலே பேலன்ஸ் வீல், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம், தானாக ஆட ஆரம்பிக்க வேண்டும். தட்டினால்தான் ஓடுகிறது என்றால் சர்வீஸ் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். டயல் மேலே பார்த்தபடி, கீழே பார்த்தபடி, இரண்டு விதமாகவும் பிடித்து ஆட்டம் சுணங்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

டயலில் 17 ஜுவல்ஸ் என்று இருப்பதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அவை தேய்மானத்தைக் குறைக்க அச்சுகளின் முனையில் வைக்கும் செயற்கை ரூபி கற்கள், அடகுக் கடையில் ஒரு பைசா பெயராது.

படி 2: சாவி கொடுப்பது

வாட்சைக் கையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கட்டியபடியே திருகினால் உள்ளே போகும் மெல்லிய தண்டு பக்கவாட்டில் அழுந்தும். திருகை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள், முப்பது திருப்பு சுமாருக்கு ஸ்பிரிங் முழுதாகச் சுற்றிக்கொண்டு விரலை எதிர்த்து நிற்கும், அங்கே நிறுத்திவிடுங்கள். முழுசாகச் சாவி கொடுத்ததால் வாட்ச் நின்றுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதை நம்பாதீர்கள், முழுதாகச் சுற்றிய ஸ்பிரிங்கால் வாட்ச் நிற்காது, பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெய்தான் காரணம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஓட்டமும் ஒரே சீராக இருக்கும்.

படி 3: நேரம் வைப்பது, ஓட்டத்தை அளப்பது

திருகை வெளியே இழுத்து முள்ளை முன்னோக்கி நகர்த்தி வையுங்கள். பெரும்பாலான ஜனதாக்களில் நொடி முள் அப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும், அதனால் நொடிக் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் வாட்சின் குணம் பிடிபட்டுவிடும். ஒரு நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் பழைய வாட்சுக்கு அது ரொம்ப நல்ல ஓட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 18,000 துடிப்பு, நாளைக்கு 4,32,000 துடிப்பு, இத்தனைக்குப் பிறகும் 86,400 நொடியில் 30 நொடிதான் தவறுகிறது, அதுவும் ஒரு தகட்டு ஸ்பிரிங்கையும் சில பல்சக்கரங்களையும் வைத்துக்கொண்டு! எனக்கு இந்த வாட்சுகள் மேல் இருக்கும் பைத்தியத்துக்கு இந்தக் கணக்கு ஒன்று போதும்.

தினமும் ஒரே அளவு தவறினால் கடையில் பேலன்ஸ் வீல் மேலே இருக்கும் சின்ன நெம்புகோலை மயிரிழை நகர்த்தித் திருத்திவிடுவார்கள், நீங்களே ஊசியோடு உள்ளே இறங்காதீர்கள், பக்கத்திலேயே தலைமுடி போன்ற ஹேர்ஸ்பிரிங் இருக்கிறது, அதில் கை பட்டால் கதை முடிந்தது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று பல நிமிடம் முந்தினால் ஸ்பீக்கர் மாதிரி ஏதோ காந்தத்தின் பக்கத்தில் இருந்திருக்கும். வாட்சில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கும் கருவி உள்ள கடையில் அது ஒரு நிமிட வேலை.

படி 4: பராமரிப்பு

தண்ணீர் ஆகாது. பழைய ரப்பர் வளையங்கள் காய்ந்து போயிருக்கும், பாத்திரம் தேய்க்கும்போதுகூடக் கழற்றி வையுங்கள். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே கடைக்குப் போங்கள், துரு காத்திருக்காது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும், "மேலோட்டமா ஒரு சொட்டு விட்டுத் தர்றேன் சார்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். மேலே இருப்பது அக்ரிலிக் கண்ணாடி, அதில் விழும் சின்னக் கீறலைப் பற்பசை தொட்டுத் துணியால் தேய்த்தே போக்கிவிடலாம்.

ஸ்ட்ராப் அளவு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், கடையில் ஒருமுறை அளந்து பார்த்து வாங்குங்கள். தோல் ஸ்ட்ராப் அழகுதான், ஆனால் நம்ம ஊர் வேர்வைக்குச் சீக்கிரம் நாறிவிடும், வெயில் காலத்துக்கு நைலான் போட்டுக்கொண்டால் துவைத்துக் காயவைக்கலாம். ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் இரண்டையும் கையோடு மாற்றிவிடுங்கள், பழைய பார் துருப்பிடித்து ஒடிந்தால் வாட்ச் நேராக ரோட்டில்தான் விழும்.