சம்பள ஆய்வு வேலையோடு முனைவர் பட்டமா? கையெழுத்திடும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்களுக்கு நெறியாளரின் திட்டத்திலேயே சம்பள வேலை கிடைப்பதுண்டு. தொகையைப் பார்த்ததும் தலையாட்டிவிடாதீர்கள். அந்த வேலையில் சேரும் தரவு உங்கள் ஆய்வேட்டுக்குள் வருமா? முதலில் இதைக் கேளுங்கள்.

கரும்புத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தண்டைப் பிளந்து, தண்டைத் துளைக்கும் எல்டனா புழு நூறு தண்டுக்கு எத்தனை என்று எண்ணிக் குறிப்பது வேலை. ஆய்வேடும் எல்டனாவைப் பற்றியதென்றால் ஒரே வெட்டில் இரண்டு காரியம் முடியும். ஆய்வேடு மண்பூஞ்சையைப் பற்றியதென்றால், பிளந்த தண்டெல்லாம் இன்னொருவர் கட்டுரைக்குத்தான். துறை ஒன்றுதானே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். ஆலைகள் கரும்பு பிழியும் அரவைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீள்வதால், வேலை எல்லா மாதமும் ஒரே அளவில் இராது; சராசரி மணிக்கணக்கை நம்பாமல் மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து நேரம். தென்னாப்பிரிக்காவில் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட் (படிப்புக்கான உழைப்பை அளக்கும் அலகு). கிரெடிட்டுக்கு 10 மணி என்றால் 3,600 மணி. வாரம் 40 மணி வீதம் ஆண்டுக்கு 45 வாரம் உழைத்தால் இரண்டு ஆண்டு. வேலை போக வாரம் 15 மணிதான் மிஞ்சுமென்றால் ஐந்து ஆண்டைத் தாண்டும். தோற்றுப்போகும் சோதனைகளும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் இல்லை. ஆய்வேட்டுக்கும் உதவும் வேலை மணிகளை மட்டும் 3,600-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பு விசாவில் வந்தவர்கள் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது.

பணத்தில் ஒரு நுணுக்கம். உண்மையான உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. வேலைக்கு ஈடாகத் தருவதை உதவித்தொகை என்று பெயரிட்டாலும் அது சம்பளமாகவே கருதப்படும். சம்பளம் வாங்கினால் உதவித்தொகையைக் குறைக்கும் விதி இருக்கிறதா என்றும் அதன் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

எந்தத் தரவை ஆய்வேட்டில் சேர்க்கலாம், கட்டுரையில் யார் முதல் ஆசிரியர், சம்பளம் எந்த மாதத்தோடு நிற்கும் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, நெறியாளர் எவ்வளவு நல்லவரானாலும். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வில் பிறக்கும் கண்டுபிடிப்பு, அத்தகைய ஆய்வின் அறிவுசார் சொத்துரிமை பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம். கண்டறிந்த 90 நாளுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தனியார் பணமென்றால், வெளியீட்டை எத்தனை மாதம் தடுத்து வைக்கலாம் என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள்; ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதி அதில் சிக்கிக்கொள்ளும்.

நெறியாளரே சம்பளம் தருபவராகவும் இருந்தால், அவரோடு மனத்தாங்கல் வரும்போது வேலை, பட்டம் இரண்டும் ஒன்றாக ஆட்டம் காணும். திட்டப் பணத்தோடு தொடர்பில்லாத ஒருவரை இணை நெறியாளராகப் பதிவின்போதே கேட்டுப் பெறுங்கள்.