வெளியே போகாமல் கிடந்த ஹலோ

தண்டையார்பேட்டையில் எங்கள் சின்ன ஆபீஸ். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கே நிற்கின்றன என்று சேகரிக்கும் புரோகிராமுக்கு டிஎல்எஸ், அதாவது நெட்வொர்க்கில் போகும் தகவலை மறையாக்கும் முறை, சேர்த்துக்கொண்டிருந்தேன். சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) வேலையை எங்கள் ஈவென்ட் லூப்பே (வரும் நிகழ்வுகளைக் கவனித்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) பார்ப்பதால், டிஎல்எஸ் வேலையைச் செய்யும் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லிடம் சாக்கெட்டுக்குப் பதில் இரண்டு மெமரி பயோக்களை, அதாவது பைட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களை, கொடுத்தேன். உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று.

ஹேண்ட்ஷேக், அதாவது இரு பக்கமும் தொடக்கத்தில் செய்துகொள்ளும் அறிமுகம், முதல் அடியிலேயே நின்றது. எரர் எண் 2, அதாவது ‘இன்னும் படிக்க வேண்டும்’. சரி, சர்வர் பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டே இரண்டு நாள் போய்விட்டது.

அப்புறம்தான் வெளியே போகும் பயோவில் எத்தனை பைட் இருக்கிறது என்று பிரின்ட் செய்து பார்த்தேன். 300-க்கு மேல்! நம் பக்கத்து முதல் ஹலோ மெசேஜ் முழுசாக அங்கேயே கிடக்கிறது. சர்வருக்கு எதுவுமே போகவில்லை, எதற்குப் பதில் சொல்லும்? மெமரி பயோ வெறும் நினைவக இடம்தான். அதிலிருந்து எடுத்து சாக்கெட்டில் எழுதுவது நம் பொறுப்பு.

இப்போது ஓபன்எஸ்எஸ்எல்லின் கனெக்ட், ரீட், ரைட் ஃபங்ஷன்களில் எதைக் கூப்பிட்டாலும், விடை என்னவாக இருந்தாலும், முதலில் அந்த பயோவைக் காலி செய்து அனுப்புகிறேன். பிறகுதான் காத்திருப்பு. ரீட்கூட சில நேரம் வெளியே அனுப்ப எதையாவது உண்டாக்கும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

படிக்கும்போதும் ஒரு முறை போதாது. சாக்கெட்டிலிருந்து ஒரே வீச்சில் பல ரெக்கார்டுகள் (டிஎல்எஸ் தகவலைப் பிரித்து அனுப்பும் துண்டுகள்) வரலாம். ஒரு ரெக்கார்டில் அதிகபட்சம் 16,384 பைட் டேட்டா. திரும்ப எரர் 2 வரும்வரை ரீட்டைச் சுற்றில் கூப்பிடுகிறேன். லாரி விவரங்கள் இப்போது தாமதமில்லாமல் வருகின்றன.