செஃப் போடும்போது மெஷின் உறைந்துபோனால் எங்கே பார்ப்பது

மூன்று பழைய டெஸ்க்டாப், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி ராம், மும்மூன்று ஹார்ட் டிஸ்க். இதில் செஃப் (பல மெஷின்களின் டிஸ்க்கைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் லினக்ஸ் மென்பொருள்) போட்டுப் பழகலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாம் எழுந்து நின்றது, கொஞ்சம் டேட்டா ஏற்ற ஆரம்பித்ததும் இரண்டாவது மெஷின் அப்படியே உறைந்துவிட்டது, பிங் கூட இல்லை. பவர் பட்டனை அழுத்தி, எல்லாவற்றையும் துடைத்து, திரும்ப நிறுவி, திரும்ப உறைந்து, இப்படியே இரண்டு ராத்திரி போனது. துடைப்பதற்கு முன்னால் லாகைப் பார்க்கவில்லை, அதுதான் தப்பு.

முதலில், விழுந்தது மெஷினா, செஃப்பின் ஒரு டீமனா (பின்னணியில் ஓடும் புரோகிராம்) என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே போக முடிகிறதென்றால் மெஷின் நன்றாக இருக்கிறது. 'செஃப் கிராஷ் எல்எஸ்' அடித்தால் எந்த டீமன் எப்போது செத்தது என்று வரும். (கட்டளைகளை ஆங்கிலத்தில் அடியுங்கள், இங்கே உச்சரிப்பு மட்டும்தான்.)

மெஷினே போய்விட்டது என்றால் ரீபூட் ஆனதும் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1'. போன பூட்டில் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, கடைசியாகச் சொன்னதை இது காட்டும். அப்படி ஒரு பூட்டே இல்லை என்று சொன்னால் உங்கள் ஜர்னல் (சிஸ்டம் லாக்) ராமில் மட்டும் இருக்கிறது, ரீபூட்டோடு போய்விட்டது. வார் லாக் ஃபோல்டருக்குள் ஜர்னல் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஜர்னல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இன்னொரு முறை விழ விடுங்கள். ஒரேயடியாக உறையும் மெஷினில் கடைசி வரி டிஸ்க்குக்கே போய்ச் சேராது, அதற்கு நெட்கன்சோல் இருக்கிறது: கெர்னல் மெசேஜை யூடிபி வழியே பக்கத்து மெஷினுக்கு அனுப்பிவிடும்.

சரி, வரி கிடைத்தது. 'அவுட் ஆஃப் மெமரி', கூடவே செஃப்-ஓஎஸ்டி (டிஸ்க்கில் டேட்டாவை எழுதிப் படிக்கும் டீமன்) என்று இருந்தால் கணக்கு எளிது. ஒரு ஓஎஸ்டியின் மெமரி டார்கெட் இயல்பாக 4 ஜிபி, ஒரு டிஸ்க்குக்கு ஒரு ஓஎஸ்டி, மூன்று டிஸ்க்குக்கு 12, மெஷினில் இருப்பதோ 8. அதுவும் வெறும் இலக்குதான், மூடி கிடையாது, ரெகவரி (விழுந்த டிஸ்க்கின் டேட்டாவை மறுபடி நகலெடுப்பது) ஓடும்போது தாண்டும். ஓஎஸ்டி மெமரி டார்கெட்டை 2 ஜிபியாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம். செஃப்பே இந்த இலக்கை மாற்றிக்கொள்ளும் ஆட்டோட்யூன் இயங்கினால் அது நீங்கள் வைத்த எண்ணை மதிக்காது, அதை முதலில் அணையுங்கள். 8 ஜிபி மெஷினில் இரண்டு ஓஎஸ்டி போதும்.

எனக்கு வந்த வரி வேறு: '120 செகண்டுக்கு மேல் பிளாக்டு'. ஓஎஸ்டி ஓடுகிற அதே மெஷினிலேயே செஃப்எஃப்எஸ்ஸை (செஃப்பின் ஃபைல் சிஸ்டம்) கெர்னல் வழியாக மவுண்ட் செய்திருந்தேன். ராம் நிறைந்ததும் கெர்னல், எழுதப்படாத டேட்டாவை ஓஎஸ்டிக்குத் தள்ளி இடத்தைக் காலி செய்யப் பார்க்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஓஎஸ்டிக்கே கொஞ்சம் ராம் வேண்டும், அந்த ராமோ டேட்டா போனால்தான் காலியாகும். நீ முதலில், நான் முதலில் என்று இருவரும் நிற்க, மெஷின் போய்விடுகிறது. வேறு மெஷினில் மவுண்ட் செய்யுங்கள், வழியில்லை என்றால் கெர்னலுக்கு வெளியே ஓடும் செஃப்-ஃபியூஸ் வழியே மவுண்ட் செய்யுங்கள்.

ஏடிஏ, ஐஓ எரர் என்று வந்தால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் 199ஆம் எண்ணை (டேட்டா வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். மெஷின் செக் என்று வந்தால் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும்.

அப்புறம் மறுபடி நிறுவும்போது இருக்கிற எல்லா டிஸ்க்கையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். ஒன்று சேர்த்து, 'ஃப்ரீ -எம்' அடித்து மிச்ச ராமைப் பார்த்து, அடுத்தது. பாதியில் நின்ற டிஸ்க்கில் பழைய எல்விஎம் (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறை) தடம் இருந்தால் செஃப் அதைத் தொடாது, 'ஸாப்' (zap) கட்டளையால் டிஸ்க்கைத் துடைக்க வேண்டும். டிஸ்க் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள், அழித்தது திரும்ப வராது. நடுவில் மூன்று மானில் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் டீமன்) இரண்டு கீழே போனால் செஃப் கட்டளை எதுவுமே பதில் தராமல் நிற்கும். குவோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) இல்லை, அவ்வளவுதான். மெஷின் உறைந்ததாக நினைத்து மூன்றாவதையும் பவர் ஆஃப் செய்துவிடாதீர்கள், நான் செய்தேன்.